பின்பாரம்: டிரெய்லரில் சைக்கிள் ஏற்றும் கணக்கு

அமெரிக்காவிலும் கனடாவிலும் விடுமுறைக்கு வீட்டையே உடன் கொண்டுசெல்ல விரும்பும் குடும்பங்கள் நாடும் வண்டிகளில் டிராவல் டிரெய்லர் மிகப் பரவலான வகையாகும். படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி என்று ஒரு சிறுவீட்டுக்கு வேண்டிய யாவும் அமைந்த இவ்வண்டிக்குத் தனக்கென எஞ்சின் கிடையாது. பிக்-அப் டிரக் போன்ற வலுவான வாகனம் ஒன்றின் பின்புறத்தில் பொருத்திய இரும்புக் குண்டை முன்முனையால் கவ்விக்கொண்டு இழுபட்டுச் செல்வதே இதன் இயல்பு. முகாம் திடலை அடைந்து, சக்கரங்களுக்கு அடைகட்டை வைத்து, மட்டம் பார்த்து, மின்சாரமும் தண்ணீரும் இணைத்துவிட்டால், அடுத்த சில நாட்களுக்கு அக்கம்பக்கத்தைச் சுற்றிப் பார்க்கச் சைக்கிளே வசதியான ஊர்தி என்பதால், டிரெய்லரோடு சைக்கிளையும் கொண்டுபோகும் வழக்கம் அங்கே வேரூன்றியிருக்கிறது. மிச்சிகன் மாநிலத்தின் மேக்கினா தீவில் 1898 முதலே மோட்டார் வாகனங்களுக்குத் தடை இருப்பதால், வண்டியைக் கரையில் விட்டுவிட்டுச் சைக்கிளோடு படகேறி, தீவைச் சுற்றும் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் சாலையை மிதித்துக் கடப்பவர்கள் ஏராளம். மிசௌரி மாநிலத்தில் பழைய ரயில் தடத்தின்மேல் அமைந்த கேட்டி பாதை சுமார் 240 மைல் நீளத்துக்கு மோட்டார் வாகனங்களின் தொல்லையின்றி ஓடுகிறது.

இத்தகைய இடங்களுக்குச் சைக்கிளை எங்கே வைத்துக் கொண்டுபோவது என்ற கேள்விக்குப் பலருக்கும் முதலில் தோன்றும் விடை, டிரெய்லரின் பின்புறம் என்பதே. அங்கே இடம் தாராளமாக இருக்கிறது, சுமார் 2.4 மீட்டர் அகலமுள்ள டிரெய்லரின் பின்சுவருக்குள் 1.8 மீட்டர் நீளமுள்ள சைக்கிள் குறுக்குவாட்டில் அடங்கிவிடுகிறது. ஏற்றுவதும் இறக்குவதும் எளிது. ஆயினும் இயந்திரவியல் நோக்கில் பார்த்தால், டிரெய்லரில் பாரம் வைப்பதற்கு அதைவிடப் பொருத்தமற்ற இடம் வேறில்லை. அங்கே வைக்கப்படும் எடை வண்டியின் சமநிலையைக் குலைக்கிறது என்பது ஒன்று. அந்த எடையைத் தாங்கும் உறுப்புகள் அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் தனித்தனியே புரிந்துகொண்டால், பின்புறத்தில் சைக்கிள் ஏற்றலாமா, ஏற்றினால் எப்படி ஏற்றுவது என்று அவரவர் வண்டிக்கு அவரவரே முடிவு செய்ய இயலும்.

முன்பாரத்தின் அளவு

மாட்டுவண்டியில் மூட்டை அடுக்குபவர் முன்பாரம், பின்பாரம் பார்த்து அடுக்குவதுபோல டிரெய்லரிலும் பாரத்தின் இருப்பிடம் பார்க்கப்பட வேண்டும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பி மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கும் என்பதால், நுகத்தடி மாட்டின் பிடரியில் அளவாக அழுந்தும்படி பாரம் அமைவதே முறை. டிரெய்லரில் நுகத்தடியின் இடத்தில் இணைப்புக் குண்டு இருக்கிறது. அந்தக் குண்டின்மேல் டிரெய்லரின் முன்முனை கீழ்நோக்கி அழுத்தும் எடையே அதன் முன்பாரம் ஆகும். வண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை முன்பாரமாக அமைய வேண்டும் என்பது வட அமெரிக்காவில் டிரெய்லர் இழுப்பவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வரையறை. 15 சதவீதத்தைத் தாண்டினால் இழுக்கும் வாகனத்தின் பின்பகுதி தாழ்ந்து, முன்சக்கரங்கள் சாலையைப் பற்றும் பிடி குறையும். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் டிரெய்லர் பக்கவாட்டில் அலையத் தொடங்கும். இரண்டில் பின்னதே உயிருக்கு ஆபத்தானது.

அச்சுக்கு முன்னால் வைக்கும் பாரம் முன்முனையைத் தாழ்த்துகிறது. அச்சுக்குப் பின்னால் வைக்கும் பாரம் அதை உயர்த்துகிறது. எவ்வளவு உயர்த்துகிறது என்பது எடையை மட்டுமன்றி, அந்த எடை அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. இது நெம்புகோலின் விதி: பின்புற எடையை அச்சிலிருந்து அதன் தூரத்தால் பெருக்கி, குண்டுக்கும் அச்சுக்கும் இடையிலான தூரத்தால் வகுத்தால், முன்பாரத்தில் குறையும் அளவு கிடைத்துவிடும்.

நடுத்தர அளவுள்ள ஒரு டிரெய்லரை எடுத்துக்கொண்டு இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பயணச் சாமான்களோடு அதன் எடை 2,700 கிலோ. முன்பாரம் 324 கிலோ, அதாவது 12 சதவீதம். குண்டிலிருந்து அச்சுக்கு 4.8 மீட்டர், அச்சிலிருந்து பின்புறச் சைக்கிள் தாங்கிக்கு 3.6 மீட்டர் என்று கொள்ளலாம். தலா 27 கிலோ எடையுள்ள 2 மின்சைக்கிள்கள், 27 கிலோ எடையுள்ள தாங்கி, அதைப் பிடித்து நிறுத்தும் 9 கிலோ இரும்பு ஆகியவை சேர்ந்து 90 கிலோ ஆகின்றன. 90 ஐ 3.6 ஆல் பெருக்கி 4.8 ஆல் வகுத்தால் 67.5 வருகிறது. ஆகவே முன்பாரம் 256.5 கிலோவாகக் குறைகிறது; மொத்த எடையோ 2,790 கிலோவாகக் கூடுகிறது; விகிதம் 9.2 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. புறப்படும் முன் பாதுகாப்பான எல்லைக்குள் இருந்த வண்டி, 2 சைக்கிள்களை ஏற்றிய ஒரே காரணத்தால் எல்லைக்கு வெளியே போய்விட்டது. மொத்த எடையில் 90 கிலோ என்பது வெறும் 3 சதவீதமே என்று எண்ணுபவருக்கு இந்த மாற்றம் தெரியாமலே போகும்.

இதைச் சரிக்கட்ட வழி உண்டு. அதே வண்டியில் பின்பக்கத்து அலமாரியில் இருக்கும் 22 கிலோ சாமானை 5 மீட்டர் முன்னே நகர்த்தி முன்பெட்டியில் வைத்தால், முன்பாரத்தில் ஏறத்தாழ 23 கிலோ கூடி, விகிதம் மீண்டும் 10 சதவீதத்தை எட்டும். ஆனால் எல்லையைத் தொட்டு நிற்பதைவிட நடுவே நிற்பதுதான் நல்லது என்பதால், டப்பா உணவு, கருவிப் பெட்டி, மடக்கு நாற்காலிகள் போன்ற கனமானவை அனைத்தையும் அச்சுக்கு முன்னே கொண்டுவருவது நல்லது. தண்ணீர்த் தொட்டியின் இருப்பிடத்தையும் இங்கே மறந்துவிடலாகாது. 150 லிட்டர் தண்ணீர் என்பது 150 கிலோ. தொட்டி அச்சுக்கு முன்னே இருக்கும் வண்டியில் அது சைக்கிளின் பின்பாரத்தை ஈடுகட்டும், பின்னே இருக்கும் வண்டியிலோ அதோடு சேர்ந்துகொள்ளும்.

அளந்து அறியும் வழி

முன்பாரத்தை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு அடைகட்டை வைத்த டிரெய்லரின் முன்முனைக்குக் கீழே உறுதியான மரச்சட்டம் ஒன்றைக் கிடையாக அமைத்து, அதன் ஒரு முனையைச் செங்கல்லின் மீதும், மறுமுனையைக் குளியலறைகளில் வைத்திருக்கும் சாதாரண எடைக்கருவியின் மீதும் தாங்கவைக்க வேண்டும். செங்கல் முனையிலிருந்து 1 அடி தள்ளியும், எடைக்கருவி முனையிலிருந்து 3 அடி தள்ளியும் டிரெய்லரின் முன்முனை சட்டத்தின்மேல் அமருமாறு வைத்தால், எடையில் நான்கில் ஒரு பங்கு மட்டுமே கருவியின்மேல் விழும். கருவி காட்டும் எண்ணை 4 ஆல் பெருக்கினால் முன்பாரம் தெரிந்துவிடும். மேலே கண்ட டிரெய்லரில் சைக்கிள் ஏற்றுவதற்கு முன் கருவி 81 காட்டும். ஏற்றியபின் 64 ஐ ஒட்டி நிற்கும். நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தங்களில் உள்ள எடைமேடைகளில் சிறு கட்டணத்துக்கு முழு எடையையும் அச்சுவாரியாக அளந்துகொள்ளலாம்.

எடை பார்க்கும்போது இன்னோர் எல்லையும் கவனத்துக்கு உரியது. அமெரிக்காவில் விற்கப்படும் டிரெய்லரில், அவ்வண்டி ஏற்கத்தக்க சாமான் எடை இவ்வளவு என்று குறிப்பிடும் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். சைக்கிளும் தாங்கியும் வண்டிக்கு வெளியே தொங்கினாலும் அந்த அளவுக்குள்ளேயே அடங்க வேண்டியவை.

வாலாட்டம் எப்படிப் பிறக்கிறது

டிரெய்லர் குண்டை மையமாகக் கொண்டு இடமும் வலமுமாக ஊசலாடுவதைப் பக்கவாட்டு அலைவு என்பர். பக்கத்தில் முந்திச் செல்லும் பெரிய லாரி தள்ளும் காற்று, பள்ளத்தாக்கில் குறுக்கே வீசும் காற்று, ஓட்டுநர் ஸ்டியரிங்கைச் சட்டென்று திருப்புவது ஆகிய ஏதேனும் ஒன்று அதைத் தொடங்கிவைக்கும். சரியாகப் பாரம் ஏற்றிய வண்டியில் அந்த அலைவு இரண்டு மூன்று ஆட்டங்களில் தானாகத் தணிந்துவிடும். வேகம் கூடக்கூட அது தணிவதற்கு எடுக்கும் நேரம் நீள்கிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகி, இறுதியில் இழுக்கும் வாகனத்தையே திருப்பிப் போட்டுவிடும். பின்பாரம் செய்யும் தீங்கு, அந்த ஆபத்தான வேகத்தை நெடுஞ்சாலையில் வழக்கமாகச் செல்லும் வேகத்துக்கு அருகே இறக்கிவிடுவதுதான்.

இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் காரும் கேரவன் எனப்படும் டிரெய்லரும் சேர்ந்த இணைவண்டியின் நிலைத்தன்மையைச் சோதனைகள் மூலம் ஆராய்ந்தபோது, முன்பாரத்தோடு அச்சின் இருப்பிடமும் எடை பரவியிருக்கும் விதமும் பெரும்பங்கு வகிப்பதை எடுத்துக்காட்டினர். எடை பரவியிருக்கும் விதம் என்பதை இவ்வாறு விளக்கலாம்: ஒரு பொருளைச் சுழற்றும்போதும், சுழல்வதை நிறுத்தும்போதும் அது காட்டும் எதிர்ப்பு, மையத்திலிருந்து எடை இருக்கும் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அச்சிலிருந்து 1 மீட்டரில் வைத்த 90 கிலோவை 3.6 மீட்டருக்கு நகர்த்தினால், அந்த எதிர்ப்பில் அதன் பங்கு ஏறத்தாழ 13 மடங்காகிறது. அதனால்தான் பின்னே ஏற்றிய சைக்கிளுக்கு ஈடாக முன்கோடியில் அதேயளவு பாரத்தை ஏற்றிச் சதவீதத்தைச் சரிசெய்துவிட்டாலும், வண்டி பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்பிவிடுவதில்லை. இரு கோடியிலும் கனம் சேர்ந்த வண்டி அலையத் தொடங்கினால் அடங்க நேரமாகும்.

அலைவு தோன்றிவிட்டால் ஓட்டுநரின் இயல்பான தூண்டுதல்கள் யாவும் தவறானவை. வாகனத்தின் பிரேக்கை அழுத்துவதும், எதிர்த்திசையில் ஸ்டியரிங்கைத் திருப்புவதும், வேகத்தைக் கூட்டி வண்டியை நேராக்க முயல்வதும் நிலைமையை மோசமாக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஓட்டுநர் இருக்கைக்கு அருகே உள்ள பிரேக் கட்டுப்பாட்டுக் கருவியின் கைநெம்பை நகர்த்தி டிரெய்லரின் பிரேக்கை மட்டும் இயக்குவதே முறை. அப்போது டிரெய்லர் பின்னோக்கி இழுக்கப்பட்டு, இணைவண்டி நேர்கோட்டுக்கு வரும்.

பம்பரும் அதன் பற்றவைப்பும்

சமநிலைக் கணக்கு சரியாக இருந்தாலும், பாரத்தைத் தாங்கும் இடம் வலுவாக இருக்கிறதா என்ற கேள்வி மிஞ்சுகிறது. டிராவல் டிரெய்லரின் பின்பம்பர் பெரும்பாலும் 4 அங்குலச் சதுரக் குழாய். அதன் முதன்மையான வேலை, கழிவுநீர்க் குழாயைச் சுருட்டாமல் உள்ளே நீளவாக்கில் வைத்துக்கொள்வதுதான். மெல்லிய தகட்டால் ஆன அக்குழாய், சேஸ் எனப்படும் அடிச்சட்டத்தின் இரண்டு நீளச் சட்டங்களின் முனையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். பார்வைக்குக் கனத்த இரும்பாகத் தெரிந்தாலும், உதிரிச் சக்கரத்தைத் தவிர வேறு எதையும் அதில் பொருத்தக் கூடாது என்று பல தயாரிப்பாளர்கள் கையேட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

பம்பரில் பொருத்திய தாங்கி கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை. சைக்கிள்களின் எடை பம்பருக்கு அரை மீட்டர் பின்னே தொங்குவதால், அது குழாயைத் தன் அச்சில் முறுக்கப் பார்க்கிறது. அந்த முறுக்கு முழுவதும் கடைசியில் இரண்டு பற்றவைப்புகளின் மேல் வந்து விழுகிறது. ஒருமுறை அழுத்தினால் தாங்கிவிடும் இரும்பு, அதில் பாதி அழுத்தத்தைப் பல்லாயிரம் முறை ஏற்கும்போது நுண்விரிசல் விட்டுப் பிளக்கக்கூடும். இதனைப் பொறியாளர்கள் உலோகச் சோர்வு என்பர். எச்சரிக்கை தராமல் வருவதுபோல் தோன்றும் இந்த முறிவுக்கு முன்னறிகுறிகள் உண்டு. பம்பர் சேஸோடு சேரும் இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு, கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், பற்றவைப்பின் ஓரத்தில் பெயிண்ட் மயிரிழை அளவுக்கு வெடித்து, அந்தக் கோட்டின் வழியே செந்துரு கசிந்திருப்பது தெரியும். அவ்வாறு தெரிந்தால் அந்தப் பம்பரில் ஒரு சைக்கிள்கூட ஏற்றலாகாது.

இதற்குத் தீர்வாக இரண்டு வழிகள் நடைமுறையில் உள்ளன. பம்பரைச் சேஸ் சட்டத்தோடு சேர்த்துப் பிணைக்கும் தடித்த இரும்புப் பட்டைகளைப் பொருத்துவது ஒன்று. பற்றவைப்பு விட்டுப்போனாலும் பம்பர் சாலையில் விழாமல் அவை பிடித்துக்கொள்ளும் என்பதே அவற்றின் பயன், பம்பரின் தாங்குதிறனை அவை பெரிதாகக் கூட்டிவிடுவதில்லை. பம்பரை அறவே தவிர்த்து, சேஸின் இரண்டு நீளச் சட்டங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டத்தில் ரிசீவர் எனப்படும் 2 அங்குலச் சதுரத் துளைக் குழாயைத் தகுந்த பட்டறையில் அமைத்துக்கொள்வது மற்றொன்று. இரண்டில் நம்பத்தக்கது பின்னதே. அதிலும் சேஸின் கடைசிப் பகுதி மெல்லிய நீட்சியாகச் சேர்க்கப்பட்டதா, முழுச் சட்டத்தின் தொடர்ச்சியா என்று பார்த்தபிறகே பற்றவைக்க வேண்டும்.

குதிப்பும் தாங்கியின் தகுதியும்

காரின் பின்னால் பல ஆண்டு உழைத்த சைக்கிள் தாங்கி, டிரெய்லரின் பின்னால் ஒரே பயணத்தில் முறிந்துபோகக் கூடும். காரின் சக்கரங்களில் ஸ்பிரிங்கோடு ஷாக் அப்சார்பரும் இருப்பதால் குதிப்பு உடனே அடக்கப்படுகிறது. வட அமெரிக்க டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றில் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங் மட்டுமே உண்டு. மேலும், முன்முனை குண்டின்மேல் நிலைத்திருக்க, அச்சு மேடு ஏறும்போது வண்டி முழுவதும் குண்டை மையமாகக் கொண்டு உயர்கிறது. முன்னர்க் கண்ட அளவுகளையே கொண்டால், அச்சுப் பகுதி 5 சென்டிமீட்டர் உயரும்போது தாங்கி இருக்கும் இடம் 8.75 சென்டிமீட்டர் உயர்கிறது. அதாவது ஒன்றே முக்கால் மடங்கு. அதே நேரத்தில் அவ்வளவு உயரம் ஏறி இறங்க வேண்டியிருப்பதால், சாலை தரும் அதிர்ச்சியும் அங்கே அந்த அளவுக்குப் பெருகுகிறது.

எனவே பல தயாரிப்பாளர்கள் தங்கள் தாங்கிகளை டிரெய்லரில் பொருத்தக் கூடாது என்று வெளிப்படையாகத் தடுக்கிறார்கள். மீறினால் உத்தரவாதம் செல்லாது. சிலர் டிரெய்லருக்குத் தகுந்தவை என்று தனியே சோதித்து விற்கிறார்கள்; கனடாவின் ஸ்வாக்மேன் நிறுவனம் அத்தகைய தாங்கிகளைச் செய்வதில் அறியப்பட்டது. வாங்குபவர் அட்டையில் பார்க்க வேண்டியது, எத்தனை சைக்கிள் என்ற எண்ணிக்கையை அன்று. டிரெய்லரில் பொருத்தும்போது ஒரு சைக்கிளுக்கு எத்தனை கிலோ என்ற எண்ணை. காரில் 4 சைக்கிள் தாங்கும் என்று குறிக்கப்பட்டது டிரெய்லரில் இரண்டுக்கே தகுதி பெறலாம்.

அமைப்பிலும் வேறுபாடு உண்டு. சைக்கிளின் மேற்சட்டத்தைக் கம்பியில் தொங்கவிடும் வகை, குதிப்பின்போது முழுப் பாரத்தையும் அந்தச் சட்டத்தின் ஒரே இடத்தில் இறக்குகிறது. ஆட்டத்தில் ஒன்றோடொன்று உரசிப் பெயிண்டும் கேபிளும் தேய்கின்றன. இரு சக்கரங்களையும் தனித்தனித் தட்டில் நிறுத்தி, பட்டையால் இறுக்கும் மேடை வகையில் பாரம் டயர்களின் வழியே இறங்குகிறது, டயரில் உள்ள காற்றே ஓரளவு அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. கரிநார்ச் சட்டமுள்ள சைக்கிளுக்கும், கனமான மின்சைக்கிளுக்கும் மேடை வகையே பொருந்தும்.

ஏற்றிக் கட்டும் முறை

ரிசீவர் குழாய்க்குள் தாங்கியின் தண்டு சற்றுத் தளர்வாகவே நுழையும். அந்தச் சிறு இடைவெளி சாலையில் இடைவிடாத அடியாக மாறுவதால், வெறும் ஊசியைச் செருகி விடாமல், திருகி இறுக்கும் ஊசியாலோ குழாயைச் சேர்த்துப் பிடிக்கும் இறுக்கியாலோ ஆட்டத்தை முழுவதும் போக்க வேண்டும். கையால் பிடித்து உலுக்கினால் தாங்கி தனியே அசையாமல் டிரெய்லரே அசைய வேண்டும் என்பது எளிய சோதனை.

மின்சைக்கிளில் பாட்டரியைக் கழற்றி வண்டிக்குள் வைத்துக்கொள்வதால் ஒவ்வொன்றிலும் 3 கிலோ அளவுக்குப் பின்பாரம் குறைவதோடு, மழையும் தூசியும் மின்முனைகளைக் கெடுக்காமலும் காக்கலாம். திரை, கூடை, தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றையும் அப்படியே கழற்றிவிடலாம். கனமான சைக்கிளை டிரெய்லருக்கு மிக அருகிலும், இலேசானதை வெளிப்புறத்திலும் ஏற்ற வேண்டும். கைப்பிடியும் மிதியும் டிரெய்லரின் பின்சுவரை இடிக்காதபடி திருப்பி வைத்து, முன்சக்கரம் தானாகச் சுழலாதபடி சட்டத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். தாங்கியின் சொந்தப் பட்டைகளுக்கு மேலாக, சைக்கிள்களையும் தாங்கியையும் சேர்த்து வளைத்து டிரெய்லரின் சேஸோடு பிணைக்கும் தனிப்பட்டை ஒன்று அவசியம். பின்சுவரில் உள்ள ஏணியில் அதைக் கட்டுவோர் பலர். அந்த ஏணி மெல்லிய சுவரில் சில திருகுகளால் மட்டுமே நிற்பதால், அது பாரத்தைத் தாங்காது, சுவரையும் பிய்த்துவிடும். முழுச் சைக்கிளையும் மூடும் உறை மழைக்கு நல்லதாயினும், ஓட்டத்தில் காற்றை வாங்கிப் புடைத்துப் பட்டைகளைத் தளர்த்திவிடுவதால், இருக்கையையும் சங்கிலிப் பகுதியையும் மட்டும் மூடுவது போதுமானது. புறப்பட்ட முதல் 20 கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்தி எல்லாப் பட்டைகளையும் மறுபடி இறுக்குவதும், பின்னர் எரிபொருள் நிரப்பும் ஒவ்வொரு முறையும் பார்ப்பதும் வழக்கமாக வேண்டும்.

விளக்கும் வால்வீச்சும்

சைக்கிள்கள் டிரெய்லரின் பின்விளக்குகளையும் பதிவெண் பலகையையும் மறைக்கலாகாது. அமெரிக்காவில் 80 அங்குலத்துக்கு மேற்பட்ட அகலமுள்ள டிரெய்லர்களில் உச்சியில் உள்ள அடையாள விளக்குகள் சைக்கிளால் மறைவதில்லை என்றாலும், கீழே உள்ள பிரேக் விளக்கும் திசைகாட்டும் விளக்கும் மறைந்துபோனால் பின்னால் வருபவருக்கு எதுவும் புரியாது. பதிவெண் மறைவது குறித்த சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், மறைந்தால் பலகையைத் தாங்கியின் புறத்துக்கு மாற்றி, இரவில் தெரிய விளக்கும் இணைப்பது நல்லது. ஐரோப்பாவில் இத்தாலியும் ஸ்பெயினும் பின்னே நீளும் பாரத்துக்குச் சிவப்பு வெள்ளைக் கோடிட்ட 50 சென்டிமீட்டர் சதுரப் பலகையைக் கட்டாயமாக்கியுள்ளன.

அச்சுக்குப் பின்னே நீண்ட உடலுள்ள டிரெய்லர், வலப்புறம் திரும்பும்போது அதன் பின்கோடி இடப்புறம் வீசும். தாங்கி அந்த உடலை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீட்டிவிடுவதால் இந்த வால்வீச்சும் கூடுகிறது. பெட்ரோல் நிலையத்தின் காவல் தூணில் சைக்கிள் இடிபடுவது பெரும்பாலும் இதனால்தான். சாலையிலிருந்து சரிவான நுழைவழியில் ஏறும்போது தாழ்வான தாங்கி தரையை உரசுவதும் உண்டு. பின்சுவரின் உயரத்தில் பொருத்திய கேமரா, ஓடும்போதே சைக்கிள்களின் நிலையைக் காட்டுவதால் இவ்விடத்தில் மிகவும் உதவும்.

முன்னே வைக்கும் வழிகள்

பின்புறத்துக்கு மாற்றாக, பிக்-அப் டிரக்கின் தளத்தில் சைக்கிளை வைப்பது டிரெய்லரின் சமநிலையைத் தொடவே தொடாத வழி. டிரக் ஏற்கத்தக்க எடைக்குள் அது அடங்கினால் போதும். டிரெய்லரின் முன்முனையில் முக்கோணமாகக் குவியும் சட்டத்தின்மேல் பொருத்தும் தாங்கிகளும் உண்டு. அங்கே சைக்கிள் முன்பாரத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டுகிறது, குதிப்பும் குறைவு. கூர்மையான திருப்பத்தில் டிரக்கின் பின்கதவோடு மோதுமா, எரிவாயு உருளையை மாற்ற இடம் இருக்குமா என்பவற்றை மட்டும் நிறுத்தி வைத்து அளந்து பார்க்க வேண்டும்.

ஐரோப்பியக் கேரவன்களில் இந்த முன்முனைத் தாங்கி நெடுநாளாகப் பரவலானது. எனினும் அங்குள்ள இணைப்புகள் பெரும்பாலும் 75 முதல் 100 கிலோ வரையிலான முன்பாரத்துக்கே அனுமதிக்கப்பட்டவை; ஜெர்மனியில் டிரெய்லர் இழுக்கும் வாகனத்துக்கு நெடுஞ்சாலையில் பொதுவான வேக எல்லை மணிக்கு 80 கிலோமீட்டர், தனி அனுமதி பெற்றால் 100. குறைந்த வேகமும் குறைந்த முன்பாரமும் சேர்ந்த அந்த ஏற்பாட்டில், முன்னே ஏற்றும் 2 சைக்கிள்களே உச்ச எல்லையைத் தாண்டவைத்துவிடும். ஆகவே அமெரிக்காவில் கீழெல்லைக்காகச் செய்யும் அதே கணக்கை, ஐரோப்பியர் மேலெல்லைக்காகச் செய்ய வேண்டியிருக்கிறது.

பெரும்பாலோர் தாங்கியை முதலில் வாங்கி, அதைப் பொருத்த டிரெய்லரில் இடம் தேடி, முன்பாரத்தைப் பற்றி வண்டி அலையத் தொடங்கிய பிறகே சிந்திக்கிறார்கள். இந்த வரிசை தலைகீழாக வேண்டும். முழுச் சாமானும் ஏற்றிய டிரெய்லரின் முன்பாரம் முதலில் அளக்கப்பட வேண்டும். அது 13 சதவீதத்தை ஒட்டி இருந்தால் பின்புறத்துக்கு இடமுண்டு, 11 ஐ ஒட்டி இருந்தால் பெரும்பாலும் இல்லை. அடுத்ததாகச் சேஸும் பற்றவைப்பும் பார்க்கப்பட வேண்டும். இரண்டும் தேறிய பிறகு, டிரெய்லருக்கென்று தகுதி குறிக்கப்பட்ட தாங்கியைத் தேர்ந்தெடுப்பது சிறு வேலை. இரண்டில் ஒன்று தேறாவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த தாங்கியாலும் அக்குறையை ஈடுகட்ட இயலாது என்பதால், சைக்கிளை அச்சுக்கு முன்னே கொண்டுபோகும் வழியைத் தேடுவதே அறிவுடைமை.